பெட்டிக்குள் ஒளி நிற்கட்டும், காற்று நிற்க வேண்டாம்

வீட்டுத்தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: திருகோணமலை நகரில் மேல்மாடி வாடகை வீடொன்றில் இருக்கிறோம். முற்றம் கிடையாது. கீழே வாசலில் வைத்த சட்டிகளைக் கோட்டைப் பக்கமிருந்து வரும் மான்கள் இரவோடிரவாக மேய்ந்துவிடுகின்றன. அதனால் சாமான் அறையின் மூலையில் மேசை போட்டு, 100 வாற்று எல்.ஈ.டி. வளர்ப்பு விளக்கொன்றைத் தொங்கவிட்டு, இரண்டு தட்டுகளில் சலாது வளர்க்கிறேன். நடுவில் உள்ள செடிகள் நன்றாக இருக்கின்றன. ஓரத்தில் உள்ளவை நீண்டு மெலிந்து விளக்கின் பக்கம் சாய்கின்றன. சுற்றிவர அடைத்தால் வெளிச்சம் வீணாகாது என்று நண்பி ஒருவர் சொன்னார். இங்குள்ள வெக்கையில் அடைத்த பெட்டிக்குள் செடி வெந்துவிடாதா? அடைப்பதானால் எப்படி அடைப்பது?
– வாசகி, திருகோணமலை நகரம்

பதில்: உங்கள் நண்பி சொன்னதும் சரி, உங்களுடைய பயமும் சரி. அடைப்புப் போடுவது ஒளியைப் பிடித்து வைப்பதற்காக. ஆனால் ஒளியைப் பிடிக்கும் சுவர் கூடவே வெப்பத்தையும் ஈரத்தையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே சுவரை நிறுத்துவதற்கு முன்பே காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறப் போகிறது என்று தீர்மானித்து, அதற்கான துளைகளை வெட்டிவிட வேண்டும். பலர் முதலில் அடைத்துவிட்டுப் பிறகுதான் காற்றைப் பற்றி யோசிக்கிறார்கள். நானும் முதன்முதலில் அப்படித்தான் செய்தேன். பழைய அலுமாரி ஒன்றின் உட்புறத்துக்கு வெள்ளை பூசி, விளக்கைப் பொருத்தி, ஒளி ஒரு கீற்றும் வெளியே போகக்கூடாது என்று கதவை இறுக்கிச் சாத்தி வைத்தேன். ஐந்தாம் நாள் காலையில் கதவைத் திறந்தபோது, வெந்நீர் ஊற்றிய குளியலறையைத் திறந்ததுபோல ஈர வெக்கை முகத்தில் அடித்தது. நாற்றுகளின் தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் நூல்போலச் சுருங்கிப் பழுப்பேறி, ஒரு வரிசை முழுவதும் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. நாற்றழுகல் நோய்தான். இலைகள் மட்டும் இன்னும் பச்சையாகவே இருந்தன; அதைப் பார்க்கத்தான் மனம் பொறுக்கவில்லை.

இனி உங்கள் ஓரத்துச் செடிகளுக்கு வருகிறேன். கடைகளில் கிடைக்கும் சாதாரண எல்.ஈ.டி. வளர்ப்பு விளக்குகள் பெரும்பாலும் 120 பாகை விரிவில் ஒளியைக் கொட்டுபவை. அத்தகைய சிறிய விளக்கொன்றைத் தட்டிலிருந்து 45 சென்ரிமீற்றர் உயரத்தில் தொங்கவிட்டால், அதற்கு நேர்கீழே 60 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத்துக்குள் நேரடியாக விழுவது மொத்த ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. உயரத்தை 30 சென்ரிமீற்றராகக் குறைத்தால் அது பாதியாகிறது. மிகுதி ஒளி அறைச் சுவருக்கும் அரிசி மூட்டைக்கும் நிலத்துக்கும் போகிறது. அதற்கும் சேர்த்துத்தான் நீங்கள் மின்கட்டணம் செலுத்துகிறீர்கள். விளக்கை இன்னும் தாழ்த்தினால் சிதறல் குறையும் என்பது உண்மை, ஆனால் நடுச்செடிகள் தாங்கமுடியாத வெளிச்சத்தில் வெளிறிப்போக, ஓரச்செடிகள் இப்போதிருப்பதைவிடவும் இருளில் விடப்படும்.

நாற்புறமும் வெண்மையான சுவர் வந்தால் அந்தச் சிதறிய ஒளியே பக்கவாட்டிலிருந்து திரும்பி வந்து ஓரத்துச் செடிகளுக்கு உதவும். எவ்வளவு திரும்பும் என்பது சுவரின் தன்மையைப் பொறுத்தது. மினுக்கம் இல்லாத நல்ல வெள்ளைப் பூச்சு தன்மேல் படும் ஒளியில் 80 முதல் 90 வீதம் வரை திருப்பி அனுப்பும். இதில் சிறிய வேறுபாடும் பெரிதாகும் என்பதைக் கவனியுங்கள்: 85 வீதம் திருப்பும் சுவரில் மூன்று முறை பட்டுத் தெறித்த பின்னும் ஒளியில் 61 வீதம் மிஞ்சியிருக்கும், 50 வீதம் மட்டும் திருப்பும் பழுப்புப் பலகையில் அதே மூன்று முறைக்குப் பிறகு மிஞ்சுவது 12 அல்லது 13 வீதமே. ஆகவே பூசாத ஒட்டுப்பலகையால் அடைப்பது ஒளியைப் பொறுத்தவரை அடைத்தும் அடைக்காததற்குச் சமம். கதவின் உட்புறத்தையும், தட்டுகளுக்கு இடையே தெரியும் நிலத்தையும் மறக்காமல் வெள்ளையாக்குங்கள். கதவைப் பூசாமல் விட்டவர்களின் பெட்டிகளில் கதவோரச் செடி மட்டும் எப்போதும் மெலிந்திருக்கக் கண்டிருக்கிறேன்.

உங்கள் இரண்டு தட்டுகளுக்கு 75 சென்ரிமீற்றர் நீளமும் அதேயளவு அகலமும் 120 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட பெட்டி போதும். இதைவிடப் பெரிதாகக் கட்ட வேண்டாம். தட்டுக்கும் சுவருக்கும் இடையில் நாலு விரற்கடைக்கு மேல் வெற்றிடம் இருந்தால் அந்த இடைவெளிக்குள் ஒளி இறங்கி வீணாகும்.

இப்போதுதான் உங்கள் கேள்வியின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். சுவர் திருப்பித் தரும் ஒளியைச் செடிக்கு மேலதிகமாகக் கொடுக்க நினைக்காதீர்கள். அந்த அளவுக்கு விளக்கைக் குறைத்துவிடுங்கள். விளக்கு இழுக்கும் மின்சாரத்தில் மிகச் சிறு பகுதியையே செடி தன் உடம்பில் சேமிக்கிறது. மிகுதி முழுவதும், ஒளியாகப் புறப்பட்டதும் உட்பட, இறுதியில் பெட்டிக்குள் வெப்பமாகவே முடிகிறது. 100 வாற்று விளக்கு என்றால் ஏறக்குறைய 100 வாற்று வெப்பம். அடைப்பின் உதவியால் 60 வாற்றிலேயே அதே வெளிச்சம் தட்டில் கிடைக்குமானால், 40 வாற்று வெப்பத்தை வெளியேற்றும் வேலையே உங்களுக்கு மிச்சமாகிறது. ஒளி அதிகமாகும் என்பதற்காக மட்டுமல்ல, வெக்கையைக் குறைக்கலாம் என்பதற்காகவும் அடையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

எவ்வளவு குறைக்கலாம் என்பதைக் கைத்தொலைபேசியிலுள்ள லக்ஸ் அளக்கும் செயலியால் கண்டுகொள்ளலாம். வெள்ளை எல்.ஈ.டி. ஒளியானால், காட்டும் லக்ஸ் எண்ணை 70 ஆல் வகுத்தால் செடிக்குப் பயன்படும் ஒளியின் அளவு, ஒரு சதுர மீற்றருக்கு ஒரு செக்கனில் இத்தனை மைக்ரோமோல் என்று, ஏறத்தாழக் கிடைக்கும். சலாதுக்கு 200 முதல் 250 வரை போதுமானது; அதாவது தொலைபேசியில் 14,000 முதல் 17,500 லக்ஸ் வரை. அடைக்கும் முன் நடுவிலும் நான்கு மூலைகளிலும் அளந்து எழுதி வையுங்கள்; அடைத்த பின் அதே இடங்களில் மறுபடியும் அளந்து, மூலைகள் இந்த அளவை எட்டும்வரை மட்டும் விளக்கின் திருகைத் திருப்புங்கள். ஊதா நிற விளக்குகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. கூட்டிக் குறைக்கும் திருகு உங்கள் விளக்கில் இல்லையென்றால் எரியும் மணித்தியாலங்களைக் குறைப்பதே வழி. விளக்கை மேலே உயர்த்துவதால் ஒளி சீராகப் பரவும், ஆனால் வெப்பம் குறையாது.

அடுத்தது காற்று. இதற்கொரு எளிய கணக்கு உண்டு: பெட்டிக்குள் எரியும் வாற்றை 3 ஆல் பெருக்கி, அறையைவிடப் பெட்டி எத்தனை பாகை கூடலாம் என்று நினைக்கிறீர்களோ அந்த எண்ணால் வகுத்தால், ஒரு மணித்தியாலத்தில் எத்தனை கன மீற்றர் காற்றை வெளியேற்ற வேண்டும் என்பது கிடைக்கும். 60 வாற்று விளக்கு, 3 பாகை செல்சியஸ் அனுமதி என்றால் 60 கன மீற்றர். 2 பாகைதான் அனுமதி என்றால் 90. உங்கள் பெட்டியில் இது கேட்கப் பெரிதாக இருந்தாலும், 120 மில்லிமீற்றர் கணினி விசிறி ஒன்று செய்துவிடும் வேலைதான். ஆனால் விசிறியின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு முன்னும் பின்னும் தடையே இல்லாத வெளியில் எடுத்தது. வலையும் வளைவும் சேர்ந்தால் பாதியாகக் குறையலாம். ஆகவே தேவையானதைப்போல் இரு மடங்குள்ளதை வாங்குங்கள். அளவு நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று இருந்தால் 1.7 ஆல் பெருக்கினால் மணித்தியாலத்துக்கான கன மீற்றராகும்.

விசிறியைப் பெட்டியின் மேற்பகுதியில், காற்றை வெளியே இழுக்கும் வகையில் பொருத்துங்கள். சூடான காற்று தானாக மேலேறும். அது போகும் திசையிலேயே உதவுவதுதான் சிக்கனம். நுழைவாயில் எதிர்ச்சுவரின் அடிப்பகுதியில் இருக்கட்டும், அப்போதுதான் காற்று மூலைவிட்டமாகச் செடிகளின் ஊடாக ஏறிப் போகும். வெளிவாயிலின் பரப்பைப்போல் இரு மடங்கு நுழைவாயிலுக்குக் கொடுங்கள்: பெட்டியின் முழு அகலத்துக்கும் அடியில் 3 சென்ரிமீற்றர் உயரமான நீளப் பிளவு ஒன்றை விட்டால் கணக்குச் சரியாகும். அதற்கு முன்னே, உள்ளே வெள்ளை பூசிய பலகைத் துண்டொன்றைச் சற்றுத் தள்ளி நிறுத்தினால் ஒளி கசியாது, காற்றும் தடைப்படாது.

எல்லாம் பொருத்தியதும் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி அந்தப் பிளவருகே பிடித்துப் பாருங்கள். புகை ஒரு நூலாக நேரே ஏறினால் காற்று அசையவில்லை. நூல் வளைந்து பிளவுக்குள் இழுபட்டு மறைந்தால் விசிறி தன் வேலையைச் செய்கிறது. பிறகு கதவின் விளிம்பைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோங்கள். எங்கெல்லாம் புகை உள்ளே வெட்டி இழுபடுகிறதோ அங்கெல்லாம் காற்று குறுக்கு வழியில் புகுகிறது. விசிறிக்கு அருகிலேயே அப்படியொரு இடுக்கு இருந்தால் காற்று செடிகளைத் தொடாமலே வந்து போய்விடும். அந்த இடுக்கைத்தான் முதலில் அடைக்க வேண்டும்.

வெளியேற்றும் விசிறி மட்டும் போதாது. இலையின் மேல் அசையாத காற்றின் மெல்லிய படலமொன்று எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். அது கலையாவிட்டால் இலை ஈரத்தை வெளிவிடவும் கரியமிலவாயுவை உள்ளிழுக்கவும் திணறும். நீராவி வெளியேறுவது குறைந்தால் வேரிலிருந்து கல்சியம் இளங்குருத்துவரை ஏறாது. சலாதின் நடுக்குருத்து ஓரங்கள் கருகுவது பெரும்பாலும் உரக்குறைவால் அல்ல, இந்தக் காரணத்தால்தான். ஆகவே சிறிய விசிறி ஒன்றை உள்ளே வைத்து, இலைகள் மெல்ல நடுங்கும் அளவுக்கு மட்டும் காற்று ஓடச் செய்யுங்கள். இலை மடங்கிப் புரண்டால் அது அதிகம்.

இவ்வளவு செய்தாலும் ஒன்றை மறக்கக்கூடாது: விசிறி எவ்வளவு பெரிதானாலும் பெட்டியை அறையைவிடக் குளிராக்காது. உங்கள் சாமான் அறையின் யன்னல் பூட்டியிருந்தால், பெட்டியிலிருந்து வெளியேறும் வெப்பம் அறைக்குள்ளேயே தங்கி மறுபடி அடிப்பிளவால் உள்ளே வரும். வெளிவாயிலிலிருந்து வளையும் குழாய் ஒன்றை யன்னலுக்குக் கொண்டுபோங்கள், அல்லது பெட்டியையே யன்னலோரம் நகர்த்துங்கள். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் திருகோணமலையில் பகல் வெப்பநிலை 35 பாகையைத் தொடும். இரவில் 26 அளவுக்கு இறங்கும். விளக்கு எரியும் நேரத்தைப் பகலிலிருந்து இரவுக்கு மாற்றுவது அந்த நாட்களில் எந்த விசிறியையும்விடப் பயன்தரும். இரவு 10.30 முதல் மறுநாள் நண்பகல் 12.30 வரையான 14 மணித்தியாலம் சலாதுக்குப் போதும்; பிற்பகல் வெக்கை செடிக்கு இரவாகக் கழிந்துவிடும். நேரவாரி மின்கட்டணத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மாலை 6.30 முதல் 10.30 வரையான உச்சக் கட்டணமும் தவிர்கிறது. அப்படியும் கச்சான் காலத்தில் சலாது கசந்து பூக்க முற்படும். 30 பாகைக்கு மேல் அதன் விதை முளைக்கவும் மறுக்கும். அந்த இரண்டு மூன்று மாதமும் பெட்டியில் கங்குனோ துளசியோ வளர்த்துவிட்டு, ஐப்பசியில் சலாதுக்குத் திரும்புவதே என் அபிப்பிராயம்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். விளக்கோடு வரும் மின்மாற்றிப் பெட்டியை அடைப்புக்கு வெளியே சுவரில் பொருத்துங்கள். அதன் வெப்பமும் வெளியே நிற்கும். ஒவ்வொரு வயரும் செருகும் இடத்துக்கு வரும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும், அப்போது வழியும் நீர்த்துளி அங்கேயே சொட்டிவிடும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்காமல் நீரும் 230 வோல்ற்றும் ஒன்றாக இருக்கும் பெட்டியைத் தொடங்காதீர்கள்.

கேள்வி: மாரி மழையில் மிளகாய் நாற்றுமேடை அழுகிப்போவதால், இம்முறை வீட்டுக்குள் மரச்சட்டம் அடித்து, தெளிவான பொலித்தீன் சுற்றி, விளக்கின் கீழ் நாற்று எடுக்கிறேன். விளக்கும் விசிறியும் ஒரே சுவிட்சில். காலையில் பார்த்தால் பொலித்தீனின் உட்புறம் முழுவதும் நீர் முத்து. சில தட்டுகளில் வெண்பூஞ்சணம். என்ன பிழை?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: பிழை அந்த ஒரே சுவிட்சில்தான். விளக்கு அணைந்ததும் பெட்டி குளிர்கிறது. குளிர்ந்த காற்று அதே அளவு நீராவியைத் தாங்காது. 31 பாகையில் 80 வீத ஈரப்பதனாக இருந்த காற்று, ஒரு துளி நீர் சேராமலே 28 பாகைக்கு இறங்கினால் 95 வீதமாகிவிடும். சரியாக அந்த நேரத்தில் விசிறியையும் நிறுத்திவிடுகிறீர்கள். விசிறிக்குத் தனி இணைப்புக் கொடுத்து இரவும் பகலும் ஓடவிடுங்கள். சிறிய விசிறி இழுக்கும் மின்சாரம் சில வாற்றுகளே. மழைக்காலக் காற்றே ஈரமாக இருக்கும்போது அதை உள்ளே இழுத்து என்ன பயன் என்று கேட்கலாம். வெளிக்காற்று எவ்வளவு ஈரமானாலும், நனைந்த தட்டுகளுக்கு மேல் தேங்கிய காற்றைவிட அது காய்ந்ததே.

தண்ணீரை விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் ஊற்றுங்கள், அணையும் நேரத்தில் அல்ல. தட்டுக்கு அடியில் தண்ணீர் வைத்துத் தும்புத்தூள் தானாக உறிஞ்சச் செய்தால் இலையும் நனையாது, மேல்மண்ணும் காய்ந்திருக்கும். நாற்றழுகல் பூஞ்சணத்துக்கு வேண்டியது நனைந்த மேல்மண்தான்.

தெளிவான பொலித்தீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது மழைச்சாரலையும் பூச்சியையும் தடுக்கலாம், ஒளியைத் தடுக்காது. விளக்கின் வெளிச்சம் அதனூடே வெளியேறி உங்கள் வீட்டுக் கூடத்தைத்தான் ஒளியாக்குகிறது. உட்புறம் வெள்ளையும் வெளிப்புறம் கறுப்புமான பொலித்தீனை மாட்டுங்கள்; கிடைக்காவிட்டால் வெள்ளை றெஜிபோம் தகடுகளைச் சட்டத்தின் உட்புறமாக நிறுத்துங்கள், ஆனால் சூடான விளக்கின் உடம்பில் முட்டாதபடி. மெல்லிய காற்றில் தினமும் அசையும் மிளகாய் நாற்று குட்டையாகவும் தண்டு தடித்தும் வளரும். வயலில் முதல் வாடைக்காற்று அடிக்கும்போது அந்த வேறுபாட்டை நீங்களே காண்பீர்கள்.

கேள்வி: சமையலறை அலுமினியத் தாளை உட்சுவரில் ஒட்டலாமா? வெள்ளைப் பூச்சைவிட அதுதானே மினுங்குகிறது?
– வாசகி, கிண்ணியா

பதில்: ஒட்ட வேண்டாம். மினுங்குவது கண்ணுக்குத் தெரியும் குணம். செடிக்கு வேண்டியது எவ்வளவு ஒளி திரும்புகிறது என்பது. சுருக்கமில்லாத புதுத்தாள் ஏறக்குறைய நல்ல வெள்ளைப் பூச்சளவு ஒளியைத் திருப்பும், ஆனால் சுருக்கமில்லாமல் ஒட்ட யாராலும் முடிவதில்லை. உரத்தண்ணீரும் கடற்காற்றும் பட்டு அது விரைவில் மங்கியும் விடுகிறது. அதைவிட, அது மின்சாரத்தைக் கடத்தும் தாள். அவிழ்ந்த ஒரு மூலை வயரில் பட்டால் போதும். அவசரகாலப் போர்வையாக விற்கப்படும் வெள்ளிநிறத் தாளை வாங்குவதானால் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விளக்கு மறுபுறம் தெரிந்தால் அந்த ஒளி உங்களுக்கு இழப்பு. அரைப் போத்தல் வெள்ளைப் பூச்சு, மினுக்கம் இல்லாதது, இவை எல்லாவற்றையும்விட மலிவு. அழுக்கானால் துடைக்கலாம், மங்கினால் மறுபடி பூசலாம்.

கேள்வி: கடற்கரையோர வீடு. பெட்டியின் விசிறி நாலு மாதத்தில் துருப்பிடித்து நின்றுவிட்டது. வெள்ளை ஈயும் உள்ளே வந்துவிட்டது. நுழைவாயிலுக்குக் கொசுவலை போட்டும் பயனில்லை.
– வாசகர், நிலாவெளி

பதில்: இரண்டுக்கும் மருந்து நுழைவாயிலில் இருக்கிறது. கடலைப் பார்த்த யன்னலோரத்தில் பெட்டி இருந்தால் பகல் முழுவதும் கடற்காற்று கொண்டுவரும் உப்பு நேரே விசிறிக்குள் போகிறது. காற்றை வீட்டின் உட்பக்கத்திலிருந்து, கூடுமானவரை கரைப்பக்க அறையிலிருந்து எடுங்கள். விசிறியின் இலைகளையும் கூட்டையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்தி, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். வாங்கும்போது, சுழலும் தண்டைத் தாங்க ‘புஷ்’ எனும் வெறும் வளையம் வைத்ததைத் தவிர்த்து, குண்டுப் பெயரிங் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

கொசுவலையின் கண் ஒரு மில்லிமீற்றருக்கும் கூடியது. வெள்ளை ஈ அதனூடே சாவகாசமாக நுழையும். பூச்சித்தடுப்பு வலையென்று தனியாக விற்கப்படும் நெருங்கிய வலையே வேண்டும். ஆனால் வலை நெருங்க நெருங்கக் காற்று குறையும். துளையின் அளவுக்கே வெட்டி ஒட்டினால் விசிறி மூச்சுமுட்டும். துளையைப்போல் மூன்று மடங்கு பரப்புள்ள சட்டம் ஒன்றைத் துளையின் வெளிப்புறத்தில் பெட்டிபோல நிறுத்தி, வலையைத் தலையணை உறைபோலத் தைத்து அதற்கு மாட்டுங்கள். மாதம் ஒருமுறை உறையைக் கழற்றி நன்னீரில் அலசலாம். வலை போட்ட அன்றே பெட்டிக்குள் வெப்பமானி ஒன்றை வைத்து அறைக்கும் பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னொரு நாள் அந்த வித்தியாசம் ஒன்றிரண்டு பாகை கூடியிருந்தால், விசிறியைக் குறைசொல்லும் முன் உறையைக் கழுவிப் பாருங்கள்.